சூரியன் நுழைந்த நாளும் கணக்கு முடிந்த நாளும்: சித்திரைப் பிறப்பும் தின்ஜானும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ரங்கூனில் ஒரு கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பதினைந்து இருபது பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் பாதி தமிழ் பாதி பர்மியம், பள்ளிக்கூடத்தில் முழுக்கப் பர்மியம். அதனால் என்னை யாரும் 'சார்' என்று கூப்பிடுவதில்லை, 'சயா'தான். போன பங்குனிக் கடைசியில் ஒரு பையன் கேட்டான்: "சயா, நம்ம வருஷப் பிறப்பு பதினாலாம் தேதி. அவங்க வருஷப் பிறப்பு பதினேழாம் தேதி. ஆனா தண்ணி மட்டும் பதிமூணாம் தேதியே ஊத்த ஆரம்பிச்சிடறாங்க. யாரு தேதி சயா சரி?"

ரெண்டும் சரிதான்டா என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். பலரும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள், நானும் வெகுகாலம் அப்படித்தான் இருந்தேன். நம் பண்டிகை வேறு, பர்மியர் பண்டிகை வேறு, ஏதோ பக்கத்தில் பக்கத்தில் வருகிறது என்ற நினைப்பு. உண்மையில் இரண்டும் ஒரே கணக்கு. அந்தக் கணக்கில் நாம் ஒரு வரியில் நின்றுவிட்டோம், அவர்கள் அடுத்த வரி வரை போனார்கள். நடுவில் இருக்கிற இடைவெளியில்தான் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

பெயரிலேயே இருக்கிறது

பர்மியரின் இந்தத் தண்ணீர்ப் பண்டிகைக்குப் பெயர் தின்ஜான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? சங்கராந்தி என்ற வடசொல்லிலிருந்து. தாய்லாந்துக்காரர்கள் 'சொங்க்ரான்' என்பதும் அதே சொல்தான். பொங்கலன்று பஞ்சாங்கத்தில் 'மகர சங்கராந்தி' என்று போட்டிருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். சங்கராந்தி என்றால் கடந்து போவது, ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குள் நுழைவது. வானத்தைச் சுற்றிப் பன்னிரண்டு ராசி. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் போகும்போதெல்லாம் ஒரு சங்கராந்தி, ஒரு தமிழ் மாதப் பிறப்பு. மகரத்துக்குள் போனால் தை, மேஷத்துக்குள் போனால் சித்திரை. மேஷம் முதல் ராசி என்பதால் அந்த நுழைவுக்கு மட்டும் தனி மரியாதை.

இந்த ஒரு நுழைவை ஆசியாவில் எத்தனை பேர் கொண்டாடுகிறார்கள் என்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். நாம், கேரளத்தில் விஷு, பஞ்சாபில் வைசாகி, வங்காளத்தில் போய்லா பொய்சாக், அசாமில் பிஹு, இலங்கையில் சிங்களவரும் தமிழரும், அப்புறம் பர்மா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, சீனாவின் யுன்னானில் இருக்கும் தை மக்கள். பலகையில் இடம் போதவில்லை. ஒரே வாரம், ஒரே சூரியன்.

சரி, அப்படியானால் தேதி ஏன் மூன்று நாள் தள்ளி நிற்கிறது?

வட்ட ரயில் கணக்கு

ரங்கூன் வட்ட ரயிலில் போகாத பிள்ளை என் வகுப்பில் கிடையாது. முப்பத்தொன்பது நிலையம், கிட்டத்தட்ட 46 கிலோமீட்டர், ஊரைச் சுற்றிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும். சூரியனை அந்த ரயில் என்று வைத்துக்கொள்வோம். நிலையங்கள் பன்னிரண்டு மட்டும், ராசிக்கு ஒன்று.

நிஜ ரயில் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் போகாது. சந்தை ஓரமாக ஊர்ந்து போகும், வயல்வெளி வந்தால் கொஞ்சம் விரையும். சூரியனும் நம் பார்வைக்கு அப்படித்தான். ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால் சூரியன் வேகமாக நகர்வதுபோலத் தெரியும், ஜூலை தொடக்கத்தில் தொலைவில் இருப்பதால் மெதுவாக. இதற்குத் தொலைநோக்கி எல்லாம் வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே போதும். மார்கழிக்கு 29 நாள், ஆனிக்கு 32 நாள் வரை போகும். மார்கழியில் ராசியைச் சட்டென்று கடந்துவிடுகிறது, ஆனியில் ஊர்ந்து கடக்கிறது.

இப்போது கற்பனையாக இன்னொரு ரயிலை ஓட விடுவோம். அது அட்டவணை ரயில். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்து, ஒரே சீரான வேகத்தில், எங்கும் தயங்காமல் போகிற ரயில். பழைய வானியல்காரர்கள் இப்படி ஒரு கணக்குச் சூரியனை வைத்திருந்தார்கள். 'மத்திய சூரியன்' என்று பெயர். நிஜச் சூரியனுக்கு 'ஸ்புட சூரியன்'. முதலில் சீரான சூரியன் எங்கே என்று கணக்கிடுவார்கள், பிறகு வேக வித்தியாசத்தைக் கூட்டியோ கழித்தோ நிஜச் சூரியனின் இடத்தைப் பிடிப்பார்கள்.

சித்திரை பிறக்கும் சமயத்தில் நிஜச் சூரியன் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். ஜனவரியில் வேகம் பிடித்ததல்லவா, அந்த முன்னிலை ஏப்ரலில் உச்சத்தில் இருக்கும். ஆகவே நிஜச் சூரியன் மேஷ நிலையத்துக்குள் நுழைந்த பிறகும் கணக்குச் சூரியன் வழியிலேயே வந்துகொண்டிருக்கும். எவ்வளவு நேரம்? பர்மியக் கணக்கில் 2 நாள், 4 மணி, 4 நிமிடம் சொச்சம். ஆண்டுக்கு ஆண்டு மாறாது. சூரிய சித்தாந்தம் என்ற நம் பழைய வானியல் நூலின் கணக்கைப் போட்டாலும் ஏறக்குறைய இதே இடைவெளிதான் வரும்.

தமிழர்கள் நிஜச் சூரியன் நுழைந்ததும் வருடம் பிறந்துவிட்டது என்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை: சூரியன் மறைவதற்குள் நுழைந்தால் அன்றைக்கே சித்திரை ஒன்று, மறைந்த பிறகு நுழைந்தால் மறுநாள். பர்மியர்கள் நிஜச் சூரியன் நுழைவதைத் தின்ஜானின் தொடக்கமாக வைத்துக்கொண்டு, கணக்குச் சூரியனும் வந்து சேரும்வரை காத்திருக்கிறார்கள். அது வந்த மறுநாள்தான் அவர்களுக்கு வருடப் பிறப்பு. 2024இலும் 2025இலும் இப்படித்தான்: 13ஆம் தேதி முன்னோட்ட நாள், 14ஆம் தேதி நிஜச் சூரியன், 16ஆம் தேதி கணக்குச் சூரியன், 17ஆம் தேதி புத்தாண்டு. 14ஆம் தேதியே நம் சித்திரை ஒன்று.

பையனுக்கு ரயில் புரிந்தது. "அப்ப நாம ரயில் வந்த உடனே ஏறிட்டோம், அவங்க டைம்டேபிள் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றான். இதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

இந்திரன் இறங்குகிறான்

எந்தத் தெருவிலும் மத்திய சூரியன், ஸ்புட சூரியன் என்று பேசிக்கொண்டு தண்ணீர் ஊற்றுவதில்லை. பர்மியர்கள் இதையே கதையாகச் சொல்கிறார்கள். தேவர்களின் அரசன் தஜாமின் பூமிக்கு இறங்கி வருகிறான். தஜாமின் வேறு யாருமில்லை, சக்கரன் என்ற பெயருடைய நம் இந்திரன்தான். இறங்குகிற நாள் அச்சா நே. திரும்பி ஏறுகிற நாள் அத்தெ நே. இடையில் இருப்பது அச்சத் நே, சில ஆண்டுகளில் அது இரண்டு நாளாகவும் அமைந்துவிடும். இறங்குவதற்கு முந்தின நாள் அச்சோ நே, அதாவது வரவேற்கும் நாள். சூரியன் நுழைந்ததை 'இறங்கினான்' என்றும் கணக்கு முடிந்ததை 'ஏறினான்' என்றும் மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவன் கையில் இரண்டு ஏடு இருக்குமாம். நல்லது செய்தவர் பெயர் தங்க ஏட்டில், கெட்டது செய்தவர் பெயர் நாய்த்தோல் ஏட்டில். சின்ன வயதில் பக்கத்து வீட்டு பர்மாப் பாட்டி, நாங்கள் ப்வா ப்வா என்று கூப்பிடுவோம், இதைச் சொல்லித்தான் எங்களை அடக்குவார். தீபாவளிக்கு முந்தின வாரம் எவ்வளவு ஆட்டம் போட்டாலும் பரவாயில்லை, தின்ஜானுக்கு முந்தின வாரம் பூனைக்குட்டி மாதிரி இருப்போம்.

இன்னொரு கதையும் உண்டு. தமிழ்ப் பிள்ளைகள் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆர்சி என்ற பிரம்மனுக்கும் தஜாமினுக்கும் ஒரு பந்தயம். தோற்றவன் தலையைக் கொடுக்க வேண்டும். பிரம்மன் தோற்றான், தலை போயிற்று. உடம்புக்கு ஒரு யானைத் தலையைப் பொருத்தினார்கள். அவர்தான் மஹா பெய்ன்னே, நம் பிள்ளையார்! வெட்டிய தலை சும்மா கிடக்குமா? கடலில் போட்டால் கடல் வற்றிவிடும், நிலத்தில் போட்டால் நிலம் கருகிவிடும், வானத்தில் எறிந்தால் வானம் தீப்பற்றிக்கொள்ளும். அதனால் தேவகன்னியர் ஆளுக்கு ஒரு வருடம் அந்தத் தலையைக் கையில் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்குத் தலை மாறுகிற நேரம்தான் வருடம் மாறுகிற நேரம். பிள்ளையாருக்கு யானைத் தலை வந்ததற்கு நம் வீட்டில் ஒரு கதை, அடுத்த வீட்டில் வேறொரு கதை. எது உண்மை என்று அந்தப் பையன் இன்னும் கேட்கவில்லை, நல்லவேளை.

தஜாமின் இறங்கும் நேரத்துக்கு வேட்டுப் போடுவது பழைய வழக்கம். சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர்கள் குடத்துத் தண்ணீரோடு வாசலுக்கு வந்து, பிரார்த்தனை சொல்லித் தரையில் ஊற்றுவார்கள். அந்தக் குடம் 'அத்தாக் குடம்'. இலையும் பூவும் செருகியிருக்கும், முக்கியமாகத் தபியே கொத்து. நாவல் இனத்தைச் சேர்ந்த மரம் அது, நம் மாவிலைக்கு உள்ள இடம் அவர்களிடம் தபியேக்கு. ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் தெளிப்பதும் அந்தக் கொத்தால்தான். வெள்ளிக் கிண்ணத்தில் வாசனைத் தண்ணீர், அதில் கொத்தை முக்கித் தோளில் இரண்டு துளி. போன வருடத்து அழுக்கு போகட்டும் என்று அர்த்தம். இன்று ரப்பர் குழாயும் லாரியும் வந்துவிட்டன. கழுத்தில் குறி பார்த்து அடிக்கிறார்கள். துறவிகள்மேலும் கர்ப்பிணிப் பெண்கள்மேலும் மட்டும் ஊற்ற மாட்டார்கள்.

கூத்து என்னவோ புதிதில்லை. பழைய தலைநகரான பாகன் நகரத்தை 1256 முதல் 1287 வரை ஆண்ட நரதிஹபதே மன்னர், அரண்மனையிலிருந்து ஐராவதிக் கரை வரை மறைப்புக் கட்டி, பரிவாரத்தோடு போய்த் தண்ணீர் விளையாடினார் என்று பர்மிய அரச வரலாறு சொல்கிறது. தெருமுனையில் மேடை போட்டுத் தண்ணீர் அடிக்கிறார்களே, அந்த மேடைக்குப் பெயர் 'மன்டத்'. நாங்கள் வகுப்பு நடத்தும் மண்டபமும் அந்த மன்டத்தும் ஒரே சொல்லின் இரண்டு பேரப்பிள்ளைகள். முன்பெல்லாம் மேடையில் தஞ்சாத் பாடுவார்கள், ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் கோரஸாக ஆட்சியாளரைக் கிண்டலடிக்கும் பாட்டு. 1988க்குப் பிறகு ராணுவ ஆட்சி அதற்குத் தடை போட்டது, 2013இல்தான் மறுபடி வெளியே கேட்டது. 2024 டிசம்பரில் தின்ஜான் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது. சொங்க்ரானுக்கு அந்த இடம் ஒரு வருடம் முன்பே கிடைத்துவிட்டதில் இங்கே சிலருக்குக் கொஞ்சம் வருத்தம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மொன் லோன் யே போ. மொன் என்றால் பலகாரம், லோன் உருண்டை, யே தண்ணீர், போ மிதப்பது. தண்ணீரில் மிதக்கும் உருண்டைப் பலகாரம். ப்வா ப்வா வீட்டு முற்றத்தில் பெரிய சட்டியில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். ஒட்டரிசி மாவோடு கொஞ்சம் பச்சரிசி மாவு சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, நடுவில் பனைவெல்லத் துண்டை வைத்து மூடுவார்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் உருண்டை அடியில் போய் உட்காரும். வெந்ததும் தானாக மேலே வரும், அப்போது அரிகரண்டியால் அள்ளி, துருவிய தேங்காய் தூவித் தருவார்கள். நம் வெல்லக் கொழுக்கட்டையை ஆவியில் வேகவைக்காமல் தண்ணீரில் போட்டால் எப்படியோ அப்படி. ஆனால் ஒரு சதி உண்டு. பத்து உருண்டைக்கு ஒன்றில் வெல்லத்துக்குப் பதிலாக ஊசி மிளகாய் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. எனக்கு ஏழு வயதில் கிடைத்தது. அழுதுகொண்டே அம்மாவிடம் ஓடினேன். அன்று எங்கள் வீட்டில் வேப்பம்பூப் போட்ட மாங்காய்ப் பச்சடி. அம்மா கசப்பில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து, "அங்கே காரம், இங்கே கசப்பு, இந்த வருஷத்துக் கணக்கு முடிஞ்சது போ" என்றார்கள்.

வசந்தம் எங்கே?

புத்தகங்களில் இதை வசந்த காலப் பண்டிகை என்று எழுதுகிறார்கள். ஏப்ரல் நடுவில் ரங்கூனில் வசந்தமா? தார்ச்சாலை உருகுகிறது. 2024 ஏப்ரல் 28 அன்று சௌக் நகரத்தில் 48.2 டிகிரி. மஞ்சள் பூப்பூக்கும் பதௌ மரம் மட்டும்தான் வசந்தத்துக்குச் சாட்சி. வேங்கை இனத்து மரம். கோடையில் ஒரு மழை விழுந்தால் மரம் முழுக்கப் பூத்து, தெருவெல்லாம் மணத்து, ஒரே நாளில் உதிர்ந்துவிடும்.

ஆனால் புத்தகம் பொய் சொல்லவில்லை. பண்டிகைதான் நகர்ந்துவிட்டது. பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச் 20, 21தான் வசந்தத்தின் நடுநாள். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் சூரியன் மேஷத்துக்குள் நுழைந்ததும் அந்த நாளை ஒட்டித்தான். பூமியின் அச்சு பம்பரத்தின் தலைபோல மெல்லச் சுழல்வதால், 72 ஆண்டுக்கு ஒரு பாகை வீதம் இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று ஓர் எண் இருக்குமே, அந்த விலகலின் அளவுதான் அது. இப்போது 24 பாகையை ஒட்டி நிற்கிறது. அதனால்தான் வசந்த நடுநாளுக்கு மூன்றரை வாரம் கழித்துச் சித்திரை பிறக்கிறது.

பர்மிய ஆண்டுக் கணக்கு இதை அழகாகக் காட்டுகிறது. அவர்களுடைய சகாப்தம் தொடங்கியது கி.பி. 638, மார்ச் 22. இன்றைய நாள்காட்டிப்படி மாற்றினால் மார்ச் 25. அப்போது அது வசந்தப் புத்தாண்டுதான். இப்போது ஏப்ரல் 17. கிட்டத்தட்ட 1,390 ஆண்டில் 23 நாள், அதாவது அறுபது ஆண்டுக்குக் கொஞ்சம் கூட ஆனால் ஒரு நாள். சித்தாந்த ஆண்டு இன்றைய ஆங்கில நாள்காட்டி ஆண்டைவிட 23 நிமிடம் சொச்சம் நீளம், அந்த நிமிடங்கள்தான் சேர்ந்து நாளாகியிருக்கின்றன.

ஐரோப்பியருக்கும் இதே சிக்கல் வந்தது. ஈஸ்டர் வசந்தத்தைவிட்டு நழுவுகிறது என்று கண்ட போப் பதின்மூன்றாம் கிரகோரி, 1582 அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று அறிவித்து, பத்து நாளை ஒரே வெட்டாக வெட்டினார். இந்திய அரசும் மேகநாத் சாஹா தலைமையில் ஒரு குழு வைத்து, வசந்த நடுநாளுக்கு மறுநாளே ஆண்டு பிறக்கும்படி ஒரு தேசிய நாள்காட்டியை 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அரசிதழில் அந்தத் தேதி அச்சாகிறது. அந்த நாளில் மாங்காய்ப் பச்சடி செய்த வீட்டை நான் பார்த்ததில்லை.

நிலாவும் கமிட்டியும்

எல்லாப் பண்டிகையும் சூரியனைப் பார்த்து வருவதில்லை. பங்குனி உத்திரம் நிலாவோடு சேர்ந்தது. அதே பௌர்ணமியை ஒட்டி, தபௌங் மாதத்தில், ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவில் திருவிழா நடக்கும். மறுபடி வைகாசி விசாகத்தை ஒட்டிக் கசோன் பௌர்ணமியில் போதி மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். பர்மிய மாதங்கள் நிலாவைப் பின்பற்றுபவை, புத்தாண்டு மட்டும் சூரியனைப் பின்பற்றுவது. ஆகவே முதல் மாதமான தகூவின் முதல் தேதியன்றே அவர்களுக்கு வருடம் பிறக்க வேண்டும் என்பதில்லை, மாதக் கணக்கில் அந்த நாள் வருடத்துக்கு வருடம் மாறும். நம் கிறிஸ்தவ உறவினர்களின் ஈஸ்டர் இரண்டையும் கேட்கும்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. அதனால் மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் விழும், சில வருடம் தின்ஜான் தண்ணீருக்குள்ளேயே.

மூன்றாவது வகை, சூரியனையும் நிலாவையும் கேட்காத நாட்கள். விழிப்புணர்வு நாட்கள் என்கிறார்களே, அவை. இந்த இரண்டு மாதத்தில் அவை கொத்துக் கொத்தாக வரும். மார்ச் 24 காசநோய் நாள், 1882இல் அதே தேதியில் ராபர்ட் கோக் பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். ஏப்ரல் 7 உலக சுகாதார நாள், 1948இல் உலக சுகாதார அமைப்பின் சாசனம் நடைமுறைக்கு வந்த தேதி. ஏப்ரல் 22 பூமி நாள். 1970இல் அமெரிக்க செனட்டர் கேலார்ட் நெல்சன் தொடங்கியபோது, கல்லூரி வசந்த விடுமுறைக்கும் தேர்வுக்கும் இடையில் மாணவர்கள் கையில் அகப்படும் நாளாகப் பார்த்து அந்தத் தேதியை வைத்தார்கள். இங்கே அன்று பள்ளிக்கூடமே கிடையாது, தின்ஜான் அலுப்பு தீராமல் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஏப்ரல் 25 மலேரியா நாள் மட்டும் எங்களுக்கு நேரம் பார்த்து வருகிறது, மூன்று வாரத்தில் மழை தொடங்கிக் கொசுவும் வந்துவிடும்.

மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஐ.நா. 1992இல் முடிவெடுத்து 1993 முதல் கடைப்பிடிக்கிறார்கள். நடுப் பர்மாவின் வறண்ட ஊர்களில் குளம் வற்றித் தண்ணீர் வண்டிக்குக் காத்திருக்கும் பருவம் அது. மூன்று வாரம் கழித்து நாங்கள் தெருவில் குழாய் பிடித்து அடிக்கிறோம். ப்வா ப்வா இருந்திருந்தால் வெள்ளிக் கிண்ணத்தையும் தபியே கொத்தையும் காட்டியிருப்பார், அவர் கணக்கில் ஒரு ஆளுக்கு இரண்டு துளி.

நனையாமல் கோயிலுக்குப் போவது எப்படி

கடைசியாக அந்தப் பையன் கேட்டது நடைமுறைக் கேள்வி: "சயா, சித்திரை ஒண்ணு அன்னிக்குப் புதுச் சட்டை போட்டா நனைச்சிடுவாங்களே?"

இதற்குத் தலைமுறை தலைமுறையாகப் பதில் இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கே குளித்துக் கிளம்பிவிட வேண்டும். மன்டத்துக்காரர்கள் எழுந்து குழாயைச் சரிசெய்ய எட்டு மணியாகும். அதற்குள் ரங்கூன் நகரின் நடுவில் இருக்கும் காளி கோயிலில் அர்ச்சனை முடிந்து, ஐயர் பஞ்சாங்கம் படித்து, மழை எவ்வளவு மரக்கால் என்று சொல்லி முடித்துவிடுவார். தமிழர்கள் 1871இல் கட்டிய கோயில் அது, இத்தனை சித்திரைக்கும் தின்ஜானோடு பழகியிருக்கிறது. திரும்பும்போது நனைந்தால் நனையட்டும், பட்டுப்புடவையை மட்டும் பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்துக்கொண்டு சாதாரண லுங்கியோடு வருகிற அக்காமார்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மூன்று நாள் கழித்து 17ஆம் தேதி. தெரு காய்ந்து, பாட்டுச் சத்தம் அடங்கி, பர்மிய வீடுகளில் பெரியவர்களுக்குத் தலை கழுவிவிடுவார்கள். மீன் விடுவார்கள், வணங்கி ஆசி வாங்குவார்கள். தலைக்குத் தேய்ப்பது தயோ பட்டையும் கின்புன் காயும் ஊறவைத்த தண்ணீர். பையனின் அம்மாவழிப் பாட்டி பர்மியர், அவருக்குத் தலை தேய்த்துவிடுவது இவன் வேலை. அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வந்தவன் காகிதத்தில் மடித்து ஒரு காய் கொண்டுவந்தான். "இதுதான் சயா கின்புன்." முகர்ந்து பார்த்தேன். எங்கள் ஆத்தா வெள்ளிக்கிழமை தோறும் அம்மியில் அரைத்த அதே சீயக்காய்.